உருகும் ஏரியில் கடைசித் தூண்டில்

பிடித்த மீனின் மேல் பனிக்கட்டியை இட்டுக் காப்பது நாம் அனைவரும் அறிந்ததே. பனிக்கட்டியின் அடியிலிருந்து மீனைப் பிடித்தெடுக்கும் மக்களும் இவ்வுலகில் இருக்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதியில், மினசோட்டா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களிலும், பேரேரிகள் எனப்படும் ஐந்து பெரும் ஏரிகளின் கரைகளிலும் வாழ்வோருக்கு இது குளிர்காலத்தின் தலையாய பொழுதுபோக்கு. தந்தையும் மக்களும், சில வேளைகளில் பாட்டனும் பேரனும் ஒன்றாக ஈடுபடும் குடும்ப வழக்கம். மினசோட்டா மாநிலத்தில் மட்டும் 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் 11,842 உண்டு எனக் கணக்கிட்டுள்ளனர். குளிர்காலம் வந்ததும் அவை உறைந்து, மாடுகளற்ற மேய்ச்சல் நிலம்போல் வெறுமையாக விரிந்து கிடக்கின்றன. அவ்வெளியில் சிறு சிறு குடில்கள் முளைக்கின்றன, ஊர்திகள் ஓடுகின்றன, விளக்குகள் எரிகின்றன. நேற்றுவரை படகு சென்ற இடத்தில் இன்று ஓர் ஊரே எழுந்துவிடுகின்றது.

அந்தக் குளிர்காலத்தின் பிற்பகுதியை, அதாவது பிப்ரவரி இறுதியையும் மார்ச் மாதத்தையும் பற்றியே இம்மாதம் நாம் காணவிருக்கின்றோம். மீன் மிகுதியாகக் கடிக்கும் காலம் அது. ஏரி மிகுதியாக ஏமாற்றும் காலமும் அதுவே. இவ்விரண்டும் ஒரே வேளையில் ஏன் நிகழ்கின்றன, அவற்றின் நடுவே அம்மக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நீரின் விந்தை

கொடுங்குளிரில் ஏரி உறையும்போது மீன்கள் ஏன் மடிவதில்லை? விடை நீரின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனமாகின்றன. நீரும் 4 பாகை செல்சியஸ் வரையில் அவ்வாறே சுருங்குகின்றது. அதற்குக் கீழே குளிர்ந்தால் மீண்டும் விரியத் தொடங்குகின்றது. உறைந்து கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகிவிடுகின்றது. ஆகவே பனிக்கட்டி நீரைவிட இலேசாகி மேலே மிதக்கின்றது. 4 பாகையில் உள்ள கனமான நீர் அடியில் தங்குகின்றது. மேலே காற்று உறைநிலைக்குக் கீழ் 20, 30 பாகை என இறங்கினாலும், ஏரியின் அடித்தளத்தில் மீன்களுக்கு ஏற்ற நீர் எஞ்சி நிற்கின்றது. பனிக்கட்டியே அந்நீருக்குப் போர்வையாகவும் அமைகின்றது. மற்றப் பொருள்களைப்போல் நீரும் கடைசிவரை சுருங்கிக்கொண்டே சென்றிருந்தால், ஏரி அடியிலிருந்து உறைந்து வந்திருக்கும். அங்கு மீனினமே நிலைத்திராது. படைப்பின் ஒழுங்கை எண்ணி வியப்பதற்கு இஃதொன்றே போதும்.

ஆயினும் மூடிய ஏரிக்குள் வாழ்க்கை எளிதன்று. பனிக்கட்டியின் மீது வெண்பனி குவியக் குவியக் கதிரவனின் ஒளி உள்ளே புகுவது குறைகின்றது. ஒளியின்றி நீர்த்தாவரங்கள் உயிர்வளி வெளியிடுவதும் குறைகின்றது. அடியில் அழுகும் இலைதழைகளோ இருக்கும் உயிர்வளியையும் உண்டுவிடுகின்றன. ஆழமற்ற, சேறு மிகுந்த ஏரிகளில் இந்நிலை முற்றி, மீன்கள் கூட்டம் கூட்டமாக மடிவதும் உண்டு. குளிர்காலத்தின் பிற்பகுதியில்தான் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். அப்பொழுது மீன்கள் அடித்தளத்தை விட்டு மேல்நோக்கி எழுகின்றன.

மார்ச் மாத வெயிலில் வெண்பனி உருகத் தொடங்கியதும் நிலைமை மாறுகின்றது. உருகிய நீர் வெடிப்புகள் வழியாகவும், மீன்பிடிப்போர் இட்ட துளைகள் வழியாகவும் உள்ளே இறங்கிப் புதிய உயிர்வளியைக் கொண்டு செல்கின்றது. ஒளியும் புகுகின்றது. பூச்சிப்புழுக்கள் அசைகின்றன, சிறு மீன்கள் நடமாடுகின்றன. பெரிய மீன்கள், வரவிருக்கும் முட்டையிடும் பருவத்திற்காக உடலைத் தேற்றிக்கொள்ள வேண்டி, பசியுடன் இரை தேடுகின்றன. கடைப்பருவத்தில் தூண்டில் விரைவில் அசைவதன் காரணம் இதுவே.

துளையும் தூண்டிலும்

மீன்பிடிப்போர் முதலில் துரப்பணக் கருவியால் பனிக்கட்டியில் 6 முதல் 10 அங்குல அகலமுள்ள துளை இடுகின்றனர். முற்காலத்தில் இரும்புக் கடப்பாரையால் குத்தித் துளைத்தனர். பின்னர்க் கையால் சுழற்றும் துரப்பணம் வந்தது. இன்று மின்கலத்தால் இயங்குவது பெருகிவிட்டது. துளையில் மிதக்கும் பனித்துகள்களைத் துளையுள்ள அகப்பையால் அள்ளி அகற்றுகின்றனர். தூண்டிற்கோல் முழங்கை நீளமே இருக்கும். துளையின் அருகிலேயே அமர்ந்து பிடிப்பதால் நீண்ட கோல் தேவையில்லை. சிறு உலோக மீன் வடிவங்களை மேலும் கீழுமாக அசைத்து மீனை ஈர்ப்பது ஒரு முறை. துளையின் குறுக்கே ஒரு சட்டத்தை வைத்து, உயிருள்ள சிறு மீனை இரையாகத் தொங்கவிடுவது மற்றொரு முறை. மீன் இரையை இழுத்ததும் சட்டத்தில் மடக்கி வைத்த சிறு கொடி நிமிர்ந்து நிற்கும். தொலைவில் நின்று பேசிக்கொண்டிருப்போர் கொடியைக் கண்டதும் ஓடிவருவர். மினசோட்டாவில் கோடையில் ஒருவருக்கு ஒரு தூண்டிலே பொதுவான அளவு. பனிக்கட்டியின் மீதோ இரண்டு தூண்டில் வரை இடலாம்.

இக்காலத்தில் ஒலியலைகளைச் செலுத்தி, அடியில் மீன் உள்ளதா, எத்தனை அடி ஆழத்தில் உள்ளது என்று காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. இதனால் காத்திருத்தல் குறைந்தது. தேடி அலைதல் கூடியது. மீன் இல்லையெனக் கண்டதும் வேறிடத்தில் துளையிடுகின்றனர். ஒரே நாளில் பல துளைகளை இடுவோர் உண்டு.

கடைப்பருவத்தில் அகப்படும் மீன்கள்

மஞ்சள் நிறமும் குறுக்குக் கோடுகளும் கொண்ட பெர்ச் என்னும் சிறு மீனே கடைப்பருவத்தின் செல்வம். நடுக்குளிரில் ஆழமான சேற்றுத் தரையில் புழுக்களைத் தின்றுகொண்டிருந்த இம்மீன், மார்ச் மாதத்தில் முட்டையிடத்தக்க ஆழமற்ற பகுதிகளை நோக்கிக் கூட்டமாக நகர்கின்றது. ஒரு கூட்டத்தைக் கண்டவருக்கு ஒரு மணி நேரத்தில் அன்றைய உணவு கிடைத்துவிடும். கிராப்பி என்னும் தட்டையான மீன், அடியிலும் தங்காமல் மேலும் வராமல் நடுநீரில் தொங்குவதுபோல் நிற்கும் இயல்புடையது. தூண்டிலை அதன் தலைக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். அது மேல்நோக்கிப் பார்த்தே இரை எடுக்கும்.

அப்பகுதி மக்கள் எல்லாவற்றிலும் மேலாக விரும்புவது வால்ஐ என்னும் மீனை. இருளிலும் ஒளிரும் பெரிய கண்களை உடைய இது, மாலை மயங்கும் வேளையிலும் விடியலிலும் இரை தேடும். இதன் சதை வெண்மையானது; முள் குறைந்தது. மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியும், கனடா எல்லையில் அமைந்த லேக் ஆஃப் தி வுட்ஸ் என்னும் பெரிய ஏரியும் இம்மீனுக்குப் பெயர்பெற்றவை. நீண்ட தாடையும் கூரிய பற்களும் கொண்ட பைக் என்னும் மீன் இவற்றுள் முந்திக்கொள்வது. பனிக்கட்டி முழுமையாக உருகும் முன்னரே அது ஓடைகளையும் சதுப்பு நிலங்களையும் தேடி முட்டையிடச் செல்கின்றது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இக்காலத்தில் அகப்படும் பெண் மீன்கள் பலவும் சூல்கொண்டவை. அத்தகைய ஒரு மீனை எடுப்பது பல்லாயிரம் முட்டைகளையும் சேர்த்து எடுப்பதாகும். மீன் எளிதில் கிடைக்கும் காலமே மீனினத்திற்கு மென்மையான காலம். ஆகவேதான் சட்டம் இடைமறிக்கின்றது. மினசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில் வால்ஐ, பைக் ஆகியவற்றைப் பிடிக்கும் பருவம் பிப்ரவரியின் கடைசி ஞாயிறன்று முடிகின்றது. பெர்ச், கிராப்பி போன்றவற்றைத் தொடர்ந்து பிடிக்கலாம். எனினும் ஒருவர் எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு உண்டு. எல்லை ஏரியான லேக் ஆஃப் தி வுட்ஸில் வால்ஐ பருவம் ஏப்ரல் 14 வரை நீள்வதால், மற்ற ஏரிகளை விட்டோர் அங்கே திரள்கின்றனர்.

பெரும்பாலான ஆண்டுகளில் தவக்காலமும் இந்நாள்களிலேயே வருகின்றது. விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பங்கு மண்டபங்களில் பொரித்த மீன் உணவு பரிமாறுவது நெடுநாளைய வழக்கம். இளைஞர் மேசை துடைக்க, முதியோர் உருளைக்கிழங்கு அரிய, ஊரார் சமய வேறுபாடின்றி வந்து உண்பர். ஆயினும் அம்மண்டபங்களில் பொரிக்கப்படும் மீன் கடையில் வாங்கியதே. பொழுதுபோக்காகத் தூண்டிலிட்டுப் பிடித்த மீனை விற்பதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. ஏரியில் பிடித்தது வீட்டு அடுப்புக்கும் அண்டை வீட்டாருக்கும் உரியது.

ஈட்டியும் கணக்கும்

விஸ்கான்சினில் வின்னிபேகோ என்னும் ஏரி உண்டு. பரப்பில் ஏறத்தாழ 1,37,700 ஏக்கர். ஆழமோ 21 அடிக்கு மேல் இல்லை. ஸ்டர்ஜன் என்னும் பழம்பெரும் மீனினம் அங்கு வாழ்கின்றது. செதில்களுக்கு மாறாக எலும்புத் தகடுகள் கொண்ட அம்மீன் ஆளுயரத்திற்கும் மேல் வளரக்கூடியது. நூறு கிலோவை எட்டுவதும் உண்டு. பிப்ரவரியின் இரண்டாம் சனிக்கிழமை தொடங்கி, மிகுதியாக 16 நாள்கள் மட்டும், இதனை ஈட்டியால் குத்திப் பிடிக்க அனுமதி உண்டு. இருண்ட குடிலுக்குள் பெரிய செவ்வகத் துளையை வெட்டி, நீரில் மர மீன் ஒன்றைத் தொங்கவிட்டு, கீழே கண்ணூன்றி அமர்ந்திருப்பர். வெளிச்சம் உள்ளே வாராததால் நீரின் அடித்தளம் வரை தெளிவாகத் தெரியும். பல ஆண்டுகள் அமர்ந்தும் ஒரு மீனைக்கூடக் காணாதோர் உண்டு. அடுத்த ஆண்டும் அவர்கள் வந்து அமர்கின்றனர்.

ஓராண்டில் ஒருவருக்கு ஒரு மீனே. பிடித்ததை அன்றே பதிவு நிலையத்திற்குக் கொண்டு சென்று காட்ட வேண்டும். அதிகாரிகள் அளந்து, எடையிட்டு, ஆணா பெண்ணா எனக் கண்டு கணக்கில் ஏற்றுகின்றனர். பெண் ஸ்டர்ஜன் முட்டையிடும் நிலையை அடைய 20 ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அதன் பின்னரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே முட்டையிடுகின்றது. எனவே பெண் மீன்களுக்கும் ஆண் மீன்களுக்கும் தனித்தனி உச்ச அளவு குறித்துள்ளனர். அவற்றுள் ஒன்று எட்டப்படும் நிலை வந்ததும், 16 நாள்கள் முடியாவிடினும், பருவம் மூடப்படுகின்றது. நீர் தெளிந்திருந்த ஆண்டுகளில் சில நாள்களிலேயே மூடியதுண்டு. ஏப்ரலில் இம்மீன்கள் ஆறுகளில் ஏறி முட்டையிடும்போது, அதே ஊர் மக்கள் கரையில் இரவும் பகலும் முறைவைத்துக் காவல் காக்கின்றனர். குளிரில் ஈட்டி பிடித்த கை இளவேனிலில் காவலுக்கு நிற்கின்றது. உலகின் பல இடங்களில் ஸ்டர்ஜன் இனம் அருகிப்போன நிலையில், இவ்வேரியில் அது செழித்திருப்பதற்கு இவ்வொழுங்கே காரணம்.

பனிக்கட்டியின் கணக்கு

இனி அவர்களைத் தாங்கி நிற்கும் தளத்தைப் பார்ப்போம். தெளிந்த, புதிதாக உறைந்த பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் ஒருவர் நடக்கலாம். பனிச்சறுக்கு ஊர்திக்கு 5 முதல் 7 அங்குலம் வேண்டும். சிறிய காருக்கு 9 முதல் 10 அங்குலம். சுமை ஊர்திக்கு 13 அங்குலத்திற்குக் குறையலாகாது. இது மினசோட்டா அரசின் இயற்கை வளத்துறை தரும் வழிகாட்டல். வெண்பனி நனைந்து உறைந்ததால் உண்டாகும் வெண்ணிறப் பனிக்கட்டிக்கு வலிமை பாதியே. ஆகவே அங்கே இவ்வளவுகளை இரட்டிப்பாகக் கொள்ள வேண்டும். எந்தப் பனிக்கட்டியும் முற்றிலும் பாதுகாப்பானதன்று என்பதையும் அத்துறை ஆண்டுதோறும் வலியுறுத்துகின்றது.

ஆனால் கடைப்பருவத்தில் இக்கணக்கு பொய்த்துவிடுகின்றது. மார்ச் மாத வெயில் பனிக்கட்டியின் உள்ளே ஊடுருவி, அதன் படிகங்களுக்கு இடையிலுள்ள பிணைப்பைக் கரைக்கின்றது. வெளியே பார்த்தால் இரண்டடித் தடிப்பு இருக்கும். உள்ளேயோ அது நெடுக்காக நிறுத்தி அடுக்கிய மெழுகுத்திரிகளின் கட்டுப்போல் ஆகிவிட்டிருக்கும். ஒன்றோடொன்று ஒட்டாத திரிகள் எவ்வளவு உயரமாயினும் எப்பளுவைத் தாங்கும்? நடுக்குளிரில் உறுதியான பனிக்கட்டி இரவெல்லாம் இடிபோல் முழங்கும். புதியவர்கள் அவ்வோசைக்கு அஞ்சுவர். அது விரிந்து சுருங்கும் இயல்பான ஓசையே. இற்றுப்போன பனிக்கட்டியோ எவ்வித ஓசையுமின்றி, எச்சரிக்கையின்றி, காலடியில் நழுவிவிடும்.

மேலும், உருகுதல் கரையிலிருந்தே தொடங்குகின்றது. கரையின் கருமண்ணும் பாறைகளும் வெயிலை ஏற்றுச் சூடாகி, அருகிலுள்ள பனிக்கட்டியை முதலில் கரைக்கின்றன. நாணற்புதர்களைச் சுற்றியும், ஆறு வந்து கலக்கும் வாயிலிலும், அடியில் ஊற்றுள்ள இடங்களிலும் அவ்வாறே. நடு ஏரி உறுதியாக இருக்க, கரைக்கும் அதற்கும் இடையே நீர் விழுந்துவிடுகின்றது. காலையில் இரவுக் குளிரால் இறுகிய ஓரத்தைத் தாண்டி எளிதாக உள்ளே சென்றவர், பிற்பகலில் கூடை நிறைய மீனுடன் திரும்பும்போது அவ்வோரம் குழைந்து நிற்பதைக் காண்கின்றார்.

குடில்களுக்கும் நாள் குறித்துள்ளனர். மினசோட்டாவின் தென்பகுதியில் மார்ச் மாத முதல் திங்களன்றும், வடபகுதியில் மூன்றாம் திங்களன்றும் குடில்களை இரவில் ஆளில்லாமல் விட்டுவைக்காமல் அகற்றிவிட வேண்டும். பனிக்கட்டி இன்னும் தடித்திருக்கின்றதே என்று எவரும் வாதாடுவதற்கில்லை. குடில் ஏரிக்குள் மூழ்கினால் நீர் மாசடையும். மீட்கும் செலவும் உடையவருடையதே.

காற்று பிரித்த பனித்தளம்

தடிப்பு மட்டும் போதாது என்பதற்கு ஈரி ஏரி ஒரு சான்று. பேரேரிகளுள் ஆழம் குறைந்த இதன் மேற்குப் பகுதி வால்ஐ மீனுக்குப் புகழ்பெற்றது. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், சனிக்கிழமை. குளிர் சற்றுத் தணிந்த நாளாதலால் ஒஹையோ மாநிலக் கரையிலிருந்து பெருந்திரளானோர் ஏரிக்குள் சென்றனர். பனித்தளத்தில் ஒரு வெடிப்பு இருந்ததை அவர்கள் அறியாமல் இல்லை. அதன் மேல் மரச் சட்டங்களைப் பாலமாக இட்டுக் கடந்தனர். பின்னர்க் கரையிலிருந்து வீசிய காற்று அவ்வெடிப்பை அகலத் திறந்துவிட்டது. பல மைல் அகலமுள்ள பனித்தளம் அவர்களுடன் கரையை விட்டு விலகி மிதந்தது. ஹெலிகாப்டர்களும் காற்றுவிசைப் படகுகளும் விரைந்து, 130-க்கும் மேற்பட்டோரை மீட்டன. நீரில் விழுந்த ஒருவர் உயிரிழந்தார்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் மினசோட்டாவின் அப்பர் ரெட் ஏரியில் இதுபோன்றே பனித்தளம் பிரிந்து 122 பேர் சிக்கினர். இறையருளாலும் மீட்புப் பணியாளரின் விரைவாலும் அனைவரும் உயிருடன் கரை சேர்ந்தனர்.

பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்தவருக்கு என்ன நேர்கின்றது என்பதைக் கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் தம் உடலையே பனிநீரில் அமிழ்த்தி ஆராய்ந்துள்ளார். அவர் எளிய ஒரு கணக்கைக் கற்பிக்கின்றார்: 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும். அப்பொழுது பதறாமல் மூச்சை அடக்கியாள வேண்டும். அடுத்த 10 நிமிடங்களில் கைகால்கள் இயங்கும். அதற்குள் வெளியேற முயல வேண்டும். உடல் முற்றிலும் குளிர்ந்து நினைவிழக்க 1 மணி நேரம் வரை ஆகும். ஆதலின் நம்பிக்கையை விடலாகாது. வெளியேற விரும்புவோர் வந்த திசையை நோக்கியே திரும்ப வேண்டும். ஏனெனில் அதுவரை தம்மைத் தாங்கிய பனிக்கட்டி அங்கேதான் உள்ளது. கழுத்தில் மாட்டிய இரு கூராணிகளைப் பனிக்கட்டியில் குத்தி, கால்களை உதைத்து மேலேறி, எழுந்து நில்லாமல் உருண்டே விலக வேண்டும். குடிலுக்குள் கணப்பு மூட்டுவோருக்கு இன்னோர் இடர் உண்டு. அடைத்த குடிலில் மணமும் நிறமுமற்ற நச்சுவளி திரண்டு, உறங்குவோரைக் கொன்றுவிடும். அனுபவமுள்ளோர் குடிலில் காற்றுப்போக்கிற்கு வழிவிட்டு, நச்சுவளியை அறிவிக்கும் கருவியையும் வைத்துக்கொள்கின்றனர்.

வெறுமையான ஏரி மீண்ட கதை

மேலே கூறிய அப்பர் ரெட் ஏரிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ரெட் ஏரியின் பெரும்பகுதி ஓஜிப்வே பழங்குடி மக்களுக்கு உரியது. கிழக்கில் ஒரு பகுதி மாநிலத்தின் பொறுப்பில் உள்ளது. அளவின்றிப் பிடித்ததன் விளைவாக 1990-களில் அங்கு வால்ஐ இனம் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. பழங்குடி மக்கள் 1997-இல் தங்கள் வணிக மீன்பிடிப்பைத் தாமே நிறுத்தினர். பலருக்கு அது வாழ்வாதாரம் என்பதை நாம் மறத்தலாகாது. 1999-இல் மாநிலமும் தன் பகுதியில் வால்ஐ பிடிப்பதைத் தடை செய்தது. கோடிக்கணக்கான மீன்குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. அவ்விடைக்காலத்தில் கிராப்பி மீன் பெருகி, குளிர்காலத் தூண்டிலுக்குப் பெருங்கூட்டத்தை ஈர்த்தது. 2006-இல் வால்ஐ பிடிப்பு மீண்டும் திறக்கப்பட்டது. இன்று குளிர்காலத் தூண்டிலுக்குப் புகழ்பெற்ற ஏரிகளுள் அதுவும் ஒன்று. தூண்டிலைச் சில ஆண்டுகள் சுருட்டி வைத்ததால் ஏரி திரும்பக் கிடைத்தது.

குறுகிவரும் குளிர்காலம்

இப்பொழுது வேறொரு கவலை எழுந்துள்ளது. விஸ்கான்சினின் தலைநகரான மேடிசனில் உள்ள மென்டோட்டா ஏரி உறையும் நாளையும் உருகும் நாளையும் 1850-களிலிருந்து குறித்து வருகின்றனர். அன்றைக்கும் இன்றைக்கும் இடையே, ஏரி உறைந்திருக்கும் காலம் சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதம் குறைந்துவிட்டது. 2023 டிசம்பர் முதல் 2024 பிப்ரவரி வரையிலான குளிர்காலம், மினசோட்டாவில் குறிப்பேடுகள் தொடங்கிய நாள்முதல் வெப்பம் மிகுந்ததாக அமைந்தது. 2024 பிப்ரவரி 11-ஆம் நாள் பேரேரிகளின் பரப்பில் 2.7 விழுக்காடே பனிக்கட்டி இருந்தது. 1973 முதல் அளந்து வரும் கணக்கில் அந்நாளுக்குரிய மிகக் குறைந்த அளவு அது. அவ்வாண்டு வின்னிபேகோ ஏரியில் பனிக்கட்டி போதாமையால் ஈட்டியுடன் வந்தோர் பலர் உள்ளே செல்ல இயலவில்லை.

ஏரி உறைவதைப் பக்தியுடன் நினைவில் வைத்த ஊர்களும் உண்டு. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையிலுள்ள கான்ஸ்டன்ஸ் ஏரி முழுவதும் உறையும் அரிய ஆண்டுகளில், திருத்தூதர் அருளப்பரின் மார்பளவுச் சுரூபத்தை ஒரு கரையின் கோவிலிலிருந்து மறு கரையின் கோவிலுக்குப் பனிக்கட்டியின் மீதே பவனியாகக் கொண்டு செல்வது வழக்கம். 1963 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹாக்னவ் ஊரிலிருந்து சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கனுக்கு அச்சுரூபம் வந்தது. அதன்பின் அவ்வேரி முழுமையாக உறையவில்லை. சுரூபம் இன்னும் மூன்ஸ்டர்லிங்கனில் காத்திருக்கின்றது.

குளிர்காலம் குறுகும்போது மீன்பிடிப்போரின் ஆசை குறுகுவதில்லை. முன்னர் மூன்று நான்கு மாதங்கள் கிடைத்த மகிழ்ச்சியை இரண்டு மாதங்களுக்குள் பெற விரும்பி, உறைந்தும் உறையாத ஏரியில் முன்னதாக இறங்கவும், உருகிக்கொண்டிருக்கும் ஏரியில் கடைசிவரை தங்கவும் முற்படுவோர் பெருகுவது இயல்பே. இடர் விளைவது அங்கேதான். பாட்டன் தன் நாளில் மார்ச் 20 வரை சென்று வந்த ஏரி, பேரனை மார்ச் 5-ஆம் நாளே தாங்காமற்போகலாம். முன்னோரின் வழக்கம் மதிப்பிற்குரியது. ஆனால் அவர்கள் நாள்காட்டியைப் பார்த்து ஏரிக்குள் சென்றவர்கள் அல்லர். அடிக்கொரு முறை கடப்பாரையால் குத்திப் பார்த்தே சென்றார்கள். அவர்களிடமிருந்து கற்க வேண்டியது அந்தக் குத்திப் பார்க்கும் பழக்கமே.

அன்பு வாசகர்களே, கடைப்பருவத்தில் ஏரியை விட்டு வெளியேறுவது எளிதன்று என்பதை நாம் உணரலாம். தூண்டில் அசைந்துகொண்டே இருக்கும். கூடை நிறைந்துகொண்டே இருக்கும். கதிரவன் இதமாக இருப்பான். விட்டுச் செல்வதற்குக் காரணம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் அங்குள்ள அனுபவசாலிகள் கரையில் நீர் தேங்கக் கண்டதும், கொடிகளை மடக்கி, இரையை அகற்றி, கிடைத்ததைக் கொண்டு வீடு திரும்புகின்றனர். சூல்கொண்ட பெரிய மீனைத் துளையின் வழியே மீண்டும் நீரில் விடுவோரும் அவர்களுள் உண்டு. எத்தொழிலிலும், எந்த மகிழ்ச்சியிலும், போதும் என்று எழுந்துவரும் நேரத்தை அறிந்த தந்தையரிடமிருந்தே மக்கள் அதனைக் கற்கின்றனர். அன்று மாலை அவ்வீடுகளில் அடுப்பு எரிகின்றது. பெர்ச் மீன் பொரிகின்றது. போனவர் அனைவரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர்.